கடை பூட்டிக் கிடந்தும் வாடகை ஏன் இறங்குவதில்லை?

கடைத்தெரு வாடகை என்பது அந்த வாசலைத் தாண்டிப் போகிற கூட்டத்துக்கான விலை. ஊரின் நடுவுக்குப் பக்கத்தில் இருக்கிற இடம் அதற்கு அதிகம் கொடுக்கக் கூடியவர் கைக்கே போய்ச் சேரும் என்று நகரப் பொருளாதார அறிஞர் வில்லியம் அலோன்சோ 1964-லேயே விளக்கிவிட்டார். நகைக்கடையும் ஜவுளிக்கடையும் முகப்பில் இருக்க, தையல்காரர் மாடிக்கோ சந்துக்கோ போவது அதனால்தான்.

டெல்டாவில் அந்தக் கூட்டம் வருகிற விதம் வேறு. சம்பா அறுத்து, டிபிசியில் (அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில்) நெல்லைப் போட்டுக் காசு கைக்கு வந்ததும், தை, மாசி முகூர்த்தத்துக்காக வலங்கைமான் பக்கமிருந்தும் திருப்பனந்தாள் பக்கமிருந்தும் குடும்பத்தோடு பஸ் ஏறிக் கும்பகோணம் வருவார்கள். ஜவுளி, பாத்திரம், நகை எல்லாம் எடுத்து, சாப்பிட்டு முடித்து, கிளம்பும்போது பிள்ளைக்கு ஒரு செருப்பும் வாங்குவார்கள். செருப்புக்காக மட்டும் யாரும் பஸ் ஏறியதில்லை. இப்போது செருப்பும் மிக்ஸியும் போனில் ஆர்டர் போட்டால் கிராமத்துக்கே வந்துவிடுகின்றன. கல்யாணப் பட்டு, தங்கம், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு மாதிரி தொட்டுப் பார்த்து வாங்குகிற பொருள்களுக்கு ஆள் வரத்தான் செய்கிறார்கள், ஆனால் நடுவில் இருக்கிற சின்னக் கடைகளுக்கு அடி பலம்.

எவ்வளவு பலம் என்று ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பாருங்கள். மாதம் 3 லட்சம் விற்பனை, 20 சதவீத லாபம், அதாவது 60,000 ரூபாய். வாடகை 25,000, சம்பளமும் கரண்டும் 20,000 போனால் மிச்சம் 15,000. விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 2,40,000 ஆனால், லாபம் 48,000. செலவு மட்டும் அதே 45,000. மிச்சம் வெறும் 3,000! தெருவில் கூட்டம் குறையாத மாதிரிதான் தெரியும், ஆனால் கடைக்காரர் முடிந்துபோயிருப்பார்.

சரி, வாடகையைக் குறைக்கலாமே? இங்கேதான் சிக்கல். கட்டடத்தின் விலையையே வாடகையை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். மாதம் 25,000 என்றால் வருடத்துக்கு 3 லட்சம் வாடகை, அது கட்டடத்தின் மதிப்பில் 4 சதவீத வருமானம் என்று வைத்தால் மதிப்பு 75 லட்சம். மாத வாடகையை 18,000 ஆக்கினால் அதே கட்டடம் 54 லட்சம். பக்கத்துக் கடைக்காரரும் குறைக்கச் சொல்லுவார். அதனால் உரிமையாளர் பூட்டியே வைத்துக் காத்திருக்கிறார். எனக்கு இதில் ரொம்பவும் வருத்தம் தருவது, பூட்டிய ஒரு ஷட்டர் பக்கத்துக் கடைகளின் வியாபாரத்தையும் சேர்த்துக் கெடுப்பதுதான். நாலு கடை பூட்டிக் கிடக்கிற பக்கம் யாரும் நடக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்ட வாடகையைத்தான் எடுத்துக்கொள்கிறது. மால்களில் செய்கிற மாதிரி குறைந்த அடிப்படை வாடகை, அதோடு விற்பனையில் ஒரு பங்கு என்று எழுதிக்கொள்ளலாம். தீபாவளிக்கும் தைக்கும் உரிமையாளருக்குக் கூடுதலாக வரும், முகூர்த்தம் இல்லாத மார்கழியில் கடைக்காரர் மூச்சு விடலாம்.