பழைய காருக்குத் தடித்த ஸ்வே பார் போடும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "தம்பி, திருப்பத்துல வண்டி ரொம்ப சாயுது. தடியா ஒரு ஸ்வே பார் போட்டுடலாமா?" போடலாம், நல்ல வேலைதான். ஆனால் அந்தப் பார் எதில் மாட்டியிருக்கிறது, அந்த இடம் இன்னும் உறுதியாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் நம் குடும்பங்களில் அப்பா ஓட்டிய எஸ்கார்ட், மாமா விட்டுப்போன கார்ட்டினா, டாட்சன் 1200 என்று எத்தனையோ வண்டிகளைப் பிள்ளைகள் பாசத்தோடு காப்பாற்றி வருகிறார்கள். பெயின்ட் பளபளக்கும், எஞ்சின் புதிதாகக் கட்டியிருக்கும், அகலமான ரிம் போட்டிருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கி முன்பக்கத்துக்குக் கீழே விளக்கைப் பிடித்தால், அந்தக் காலத்து ரப்பர் புஷ் (இரும்புப் பாகங்களுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வளையம்) வெடித்துக் கிடக்கும். கூடுதல் குதிரைசக்தியையும் அகல டயரின் பிடிப்பையும் தாங்க வேண்டியது அந்த ரப்பர்தான்.

ஸ்வே பார் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் வளைந்த ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி அது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது தன் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் முறுக்கேறி எதிர்க்கும். திருப்பத்தில் வண்டி சாய்வது குறைவது இதனால்தான். இதே காரணத்தால், ஒரு பக்கச் சக்கரம் குழியில் விழுந்தால் அந்த அதிர்ச்சியில் ஒரு பங்கு மறுபக்கத்துக்கும் போகும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாஸுலு-நட்டால் சாலைகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். இந்த ஊரில் ஓடும் வண்டிக்குப் பந்தயக் காரின் பார் தேவையில்லை.

விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் விறைப்பு எகிறிவிடும். முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 20 மில்லிமீட்டர் பாரை எடுத்துவிட்டு அதே வடிவத்தில் 24 மில்லிமீட்டர் போட்டால், கண்ணுக்கு நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். விறைப்போ இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 22-இலிருந்து 25-க்குப் போனால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடும். "கடையில 28 இருக்கு, அதையே வாங்கிட்டேன்" என்று ஒரு தம்பி பெருமையாகக் கொண்டுவந்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கும்.

முன்பார் மட்டும் விறைத்தால் திருப்பத்தில் வெளிப்பக்க முன் டயர் மேல் கூடுதல் கனம் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்த டயர் தாங்காமல் வழுக்கும். ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். கார்ட்டினாவில் மூன்று லிட்டர் எஸ்செக்ஸ் வி6 வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாக யோசிக்க வேண்டும். அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் ஏற்கனவே மூக்கில் கனமாக உட்கார்ந்திருக்கிறது. சிட்டி கோல்ஃபுக்கும் அப்படித்தான்: இழுப்பதும் திருப்புவதும் முன் டயர்களே என்பதால் முன்னால் பாரைத் தடிக்க வைப்பது எதிர்விளைவு தரலாம். எஸ்கார்ட், டாட்சன் போலப் பின்சக்கரம் தள்ளும் இலகுவான வண்டிகளில் அளவான முன்பார் நல்ல பலன் தரும். சாய்வை முன்பக்கம் தாங்கிக்கொள்வதால் பின்னால் உள்பக்க டயர் தரையை விடாமல் இருக்கும், இழுவையும் கிடைக்கும். அதே வண்டியில் பின்னால் முரட்டுப் பார் போட்டால் உள்பக்கப் பின் டயர் லேசாகி, மழை நாளில் பின்பக்கம் சட்டென்று சுழன்றுவிடும்.

சரி, இந்தக் கட்டுரையை எழுதவே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். எஸ்கார்ட்டிலும் கார்ட்டினாவின் முதல் இரண்டு தலைமுறைகளிலும், பெரும்பாலான வண்டிகளில், ஸ்வே பார் சாய்வைத் தடுக்க மட்டும் இல்லை. சக்கரம் முன்னும் பின்னும் போகாமல் பிடித்து வைப்பதும் அதே பார்தான். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மை உள்பக்கம் ஒரு போல்ட்டுதான் பிடிக்கிறது. பாரின் முனை அந்த ஆர்முக்குள் புகுந்து, புஷ், வாஷர், நட்டு என்று முடிகிறது. பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னோக்கி வரும் விசை முழுவதும் அந்தப் பார் வழியாக, அதைச் சேசிஸ் ரெயிலில் பிடித்திருக்கும் கிளாம்புக்குப் போகிறது. டாட்சன் 1200-இலும், 2008 வரை ராஸ்லினில் தயாரான நிசான் 1400 பக்கி என்ற சிறு பிக்கப் வண்டியிலும் இந்த வேலைக்குத் தனி ராடு உண்டு. பாரே சக்கரத்தைப் பிடித்து வைக்கும் எஸ்கார்ட்டில் கிடையாது.

டொங்காட்டிலிருந்து ஒரு பெரியவர், பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கிறது என்று தன் எஸ்கார்ட்டைக் கொண்டுவந்தார். கையில் புதுத் தடிப் பாரும் இருந்தது. "இதைப் போட்டா சரியாயிடும்னு சொன்னாங்க தம்பி." வண்டியை ஏற்றி, இடது ஆர்மின் நட்டைக் கழற்றி வாஷரை எடுத்தேன். ரப்பர் துண்டு துண்டாகக் கையில் வந்தது. வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது. பாரின் முனையில் ஆர்மின் இரும்பு உரசிய இடம் வெள்ளி போல மின்னியது. அவர் பிரேக் அடிக்கும்போதெல்லாம் அந்தச் சக்கரம் பின்னால் நகர்ந்திருக்கிறது, அதோடு காஸ்டர் கோணமும், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவும், மாறியிருக்கிறது. "ஐயா, இங்க பாருங்க" என்று காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தவர், "பேரப்பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கியிருக்கேனே" என்றார். அந்த மலைச்சரிவின் இறக்கம் தெரிந்தவர்களுக்கு அவர் முகம் ஏன் அப்படி ஆனது என்று புரியும்.

கிளாம்ப் மாட்டும் சேசிஸ் ரெயிலையும் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேல்முனை உட்காரும் உள் மட்கார்டு பகுதியையும் கட்டாயம் பாருங்கள். எஸ்கார்ட்டில் இந்த இரண்டு இடமும் துருவுக்குப் பேர்போனவை. கடல்காற்று அடிக்கும் ப்ளஃப் போன்ற இடங்களில் நிற்கும் வண்டியில் பெயின்ட்டுக்கு அடியில் தகடு காகிதமாகியிருக்கும். அண்டர்கோட் பூசியிருந்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெட்டி, நல்ல தகடு வைத்து வெல்டு செய்து, வலுத்தகடு கொடுத்த பிறகுதான் தடித்த பார். இல்லாவிட்டால் பார் கூட்டிய விசையே போல்ட்டுத் துளையைக் கிழிக்கும். அந்தப் பெரியவரின் வண்டியிலும் வெல்டிங்கை முடித்துவிட்டுத்தான் பாரைத் தொட்டோம்.

ஆக, வேலையின் வரிசையில் டயரும் பால் ஜாயிண்டும் முதலில். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பூ, அதாவது டயரின் வரிப்பள்ளம், நன்றாக இருக்கிறதே என்று பதினைந்து வருட டயரில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்; ரப்பர் கல்லாகிவிட்ட பிறகு எந்தப் பாரும் பிடிப்பைத் தராது. அப்புறம் டை ராடு முனைகள், வீல் பேரிங், ஸ்டீரிங் ராக் மவுண்ட், எல்லாப் புஷ்ஷும். வண்டி தரையில் நிற்கும்போது ஒருவரை ஸ்டீரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டச் சொல்லி, கீழே ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் விரலை வைத்தால் தேய்மானம் கையிலேயே தெரியும். ரோடுவொர்த்தி (வண்டி சாலைக்குத் தகுதியா என்ற) சோதனை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வண்டி கைமாறினால்தான் அந்தச் சோதனை. அப்பா காரை வீட்டிலேயே வைத்திருந்தால் எத்தனையோ வருடம் யாருமே கீழே பார்த்திருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு ஸ்பிரிங்கும் அதன் துள்ளலை அடக்கும் ஷாக்கும், ஜோடியாக. ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக மாற்றிவிட்டுப் பழைய ஷாக்கை விட்டால் முன்பக்கம் துள்ளிக்கொண்டே இருக்கும். காயில் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவதை நான் செய்து கொடுப்பதில்லை. கேஸ் வைத்துச் சூடாக்கினால் எஃகின் பதம் போய்விடும். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் தொங்கும்போது தான் உட்காரும் தட்டை விட்டு நழுவலாம். நிறைய இறக்கினால் சாய்வு குறையும் என்பதும் தவறான நம்பிக்கை. ஸ்ட்ரட் வைத்த காரில் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையை விட மேலே போய்விட்டால், வண்டி சாயும் மையம் அதன் கனமையத்தை விட வேகமாகக் கீழிறங்கிவிடும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடுவதால் சாய்க்கும் விசையும் கூடும். போதாததற்கு, மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகத் திரும்பும். 25 முதல் 30 மில்லிமீட்டர் இறக்கம் போதும் என்பது என் கருத்து.

பாலியூரித்தேன் புஷ் போடுவதென்றால் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதாரண ரப்பர் புஷ்ஷானால் வேறொரு கவனம் வேண்டும்: உள்குழாயோடு ஒட்டிச் செய்த ரப்பரைச் சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கிப் பூட்டினால், வண்டி தரைக்கு வந்ததும் அது நிரந்தரமாக முறுகியே நிற்கும், சில மாதத்தில் கிழியும். வண்டியின் கனம் சக்கரத்தில் ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு. பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பியான லிங்க் ராடு வைத்த பாருக்கும் இதே முறைதான். சமதரையில் நிறுத்தி, முடிந்தால் ஓட்டுநரை உட்கார வைத்து, லிங்க் இரண்டும் இழுபடாமல் தானாகப் பொருந்தும் நீளத்தில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் நேர்ச்சாலையிலேயே பார் முறுக்கோடு நிற்கும்.

வீட்டில் வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது அழுத்தி வைத்த காயில் ஆளைக் கொல்லும் விசையோடு இருக்கிறது. மெலிந்த கொக்கிக் கம்ப்ரெஸரை இரவல் வாங்கி இதைச் செய்யாதீர்கள். ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றி எடுத்துவந்தால் எந்த நல்ல பட்டறையும் பிரித்துப் பூட்டித் தரும், செலவும் அதிகமில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது. ஸ்டாண்டு வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது. பல பழைய கார்கள் கிராஸ்-பிளை என்ற பழைய வகை டயர் காலத்து அலைன்மென்ட் எண்களோடு வந்தவை. இன்றைய ரேடியல் டயருக்குச் சாலை வண்டியில் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது), இரு பக்கமும் சமமான, சற்றுக் கூடுதல் காஸ்டரும் நன்றாகப் பொருந்தும். அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வண்டிக்குள் வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றங்களை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். முதல் சில நாள் காய்ந்த சாலையில் நிதானமாக ஓட்டி, 500 கிலோமீட்டர் ஆனதும் கிளாம்ப் போல்ட்டுகளையும் ஆர்ம் நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். புது புஷ் அமுங்கி உட்காரும்போது அவை தளர்வது வழக்கம்.