டெலிபிராம்ப்டர்: எடுத்துக் கொடுக்கும் கருவிக்குத் தமிழில் என்ன பெயர்?

டெலிபிராம்ப்டர் – பெயர்ச்சொல். கேமராவைப் பார்த்துப் பேசுபவருக்கு, பேச வேண்டிய வரிகளை லென்ஸின் நேர் முன்னாலோ அதை ஒட்டியோ நகர்த்திக் காட்டும் கருவி. அதே வேலையைச் செய்யும் கைபேசிச் செயலிக்கும் இப்போது இதுவே பெயர். தமிழில்: உரைகாட்டி. பேச்சில் பெரும்பாலும் 'பிராம்ப்டர்' என்று பின்பாதி மட்டுமே புழங்குகிறது. அதில் தவறில்லை. சொல்லின் உயிர் அந்தப் பின்பாதியில்தான் இருக்கிறது.

'டெலி' கிரேக்கம், தொலைவு என்று பொருள். 'பிராம்ப்ட்' லத்தீன் வழி வந்தது. முன்னால், வெளியே என்னும் பொருளுடைய 'ப்ரோ'வும், எடுத்தல் என்னும் பொருளுடைய 'எமெரே'யும் சேர்ந்து 'ப்ரோமெரே' ஆயின: உள்ளே இருப்பதை எடுத்து வெளியே வைத்தல். அதிலிருந்து 'கைக்கு எட்டும்படி ஆயத்தமாக' என்ற பொருளும், அதிலிருந்து ஆங்கில நாடக மேடையில் வசனம் மறந்தவருக்குச் சொல்லித் தருபவர் என்ற பொருளும் கிளைத்தன. கணினியில் கட்டளைக்காகக் காத்திருக்கும் இடத்தையும், செயற்கை நுண்ணறிவிடம் நாம் இடும் கேள்வியையும் பிராம்ப்ட் என்பது இதே வேரின் பிற்காலக் கிளைகள்.

தமிழ் இதற்கு எங்கும் கடன் வாங்க வேண்டியதில்லை. சபா நாடகத்தில் பக்கவாட்டுப் படுதாவுக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பவர் செய்வதை 'வசனம் எடுத்துக் கொடுப்பது' என்றுதான் சொல்வார்கள். தில்லையில் சேக்கிழாருக்கு இறைவன் 'உலகெலாம்' என்று அடியெடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. திருவையாற்றுப் பக்கம் 'எடுப்பு' என்றால் தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். லத்தீன்காரனும் 'எடு' என்ற வினையிலிருந்தே புறப்பட்டிருக்கிறான் என்பது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமான தற்செயல். ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடுக்கப்பட்டது ஓர் அடி மட்டுமே; மீதியைப் பாடியவர் புலவர். இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தச் செயலியைத் தேர்வது, அதில் எவ்வளவு எழுதுவது என்ற இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

டெலிபிராம்ப்டர் பொதுப்பெயராகப் பிறந்த சொல் அல்ல, வணிகப் பெயர். 1950 வாக்கில் அமெரிக்காவில் நடிகர் பிரெட் பார்ட்டன் சொன்ன யோசனையை, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸில் இருந்த இர்விங் கானும் பொறியாளர் ஹூபர்ட் ஷ்லாஃப்லியும் கருவியாக்கினார்கள். சூட்கேஸின் ஒரு பாதிக்குள் மோட்டார் சுழற்றும் காகிதச் சுருள், அதில் பெரிய எழுத்தில் வசனம், அவ்வளவுதான். 1952இல் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் அதைப் பார்த்துப் பேசிய பின் அரசியல் மேடைகளுக்கும் பரவியது. பிரிட்டனில் இன்னொரு நிறுவனத்தின் பெயரான 'ஆட்டோக்யூ' பொதுப்பெயராகிவிட்டது. நகலெடுப்பதை ஜெராக்ஸ் என்பது போலத்தான் இரண்டும்.

வணிகப் பெயரை உறுப்பு உறுப்பாக மொழிபெயர்த்தால் 'தொலைநினைவூட்டி' போன்ற ஒன்று வரும். மருந்து வேளையைச் சொல்லும் அலாரம் போல அது ஒலிக்கும். 'வரிகாட்டி' சுருக்கமானது, ஆனால் வருமான வரித்துறைப் பலகையை நினைவூட்டும். திசைகாட்டி, நாள்காட்டி, வழிகாட்டி என்று 'காட்டி' ஏற்கெனவே நம் நாவில் இருப்பதால் 'உரைகாட்டி' விளக்கம் கேட்காமலே புரியும். எடுத்துக் கொடுக்கும் பொருள் இதில் முழுமையாக இல்லை என்பது உண்மை. அதனால் கருவிக்கு உரைகாட்டி, செயலுக்கு எடுத்துக் கொடுத்தல் என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பெயரில் விட்டுவிட்ட 'தொலை', வேலையில் திரும்பி வருகிறது. கைபேசியின் முன்கேமராவுக்குக் கீழே 3 செ.மீ. தள்ளி வரி ஓடுகிறது என்று வையுங்கள். முகத்திலிருந்து 40 செ.மீ. தூரத்தில் கைபேசி இருந்தால் பார்வை சுமார் 4 பாகை கீழே இறங்கும். படிக்கிறார் என்று வீட்டில் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதே கைபேசியை முக்காலியில் ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் விலகல் 2 பாகைக்கும் குறைவு. ஆனால் தள்ளத் தள்ள எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், வரிக்கு இரண்டு மூன்று சொல்லே கொள்ளும். தனியாளாகச் செய்தி எடுப்பவருக்கு முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை சரியாக வரும்.

செயலிகளில் அடிப்படையில் இரண்டு இனம். ஒன்று, தானே படம்பிடித்துக்கொண்டு திரையில் வரியையும் ஓட்டுவது. மற்றது, வரியை மட்டும் காட்டுவது. இரண்டாவதைக் கேமராவுக்கு முன் 45 பாகையில் சாய்த்த கண்ணாடியோடுதான் பயன்படுத்த வேண்டும்; அதற்கு எழுத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டும் வசதி இருந்தே ஆகவேண்டும். சில செயலிகளில் திரும்புவது எழுத்து மட்டும்தான், ஓடும் திசையும் நிறுத்தும் பொத்தானும் குழம்பிவிடும். கண்ணாடியாகச் சாதாரண ஜன்னல் கண்ணாடியை வெட்டி வைத்தால் இரு பரப்பிலும் எதிரொளித்து எழுத்து இரட்டையாகத் தெரியும். இதற்கென்று பூச்சு செய்த, 70 பங்கு ஒளியை உள்ளே விட்டு 30 பங்கை எதிரொளிக்கும் கண்ணாடி வேண்டும். அதுவும் பின்னால் கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி மூடியிருந்தால்தான் எடுபடும். கல்லணைப் பாலத்தில் மதியம் நின்றால் கண்ணாடியில் தெரிவது வரி அல்ல, வானம். களத்தில் நின்று எடுக்கும் செய்திக்கு முதல் இனமே போதும்.

முதல் இனத்தில் பார்க்க வேண்டியது, வரி ஓடும் பெட்டியை நகர்த்த முடிகிறதா என்பது. கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் கேமரா மேலே இருக்கும், வரி மேல்விளிம்பை ஒட்டி ஓடினால் சரி. தொலைக்காட்சிக்காகப் படுக்கவைத்தால் கேமரா ஒரு பக்கத்துக்குப் போய்விடும். அப்போதும் நடுவிலேயே வரியைக் காட்டும் செயலியில் நீங்கள் யாரோ பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவது போலிருக்கும். பெட்டியைக் கேமரா இருக்கும் பக்கம் ஒதுக்கி, அகலத்தையும் குறைக்க வேண்டும்; அகலமான வரியில் கண் இடம் வலமாக ஓடுவது தெரியும். சொந்தக் கேமரா செயலியின் மேல் மிதக்கும் பெட்டியாக வரியைக் காட்டும் வகை ஆண்ட்ராய்டில் நன்றாக வேலை செய்யும். 'பிற செயலிகளுக்கு மேல் காட்டு' என்ற அனுமதியைக் கொடுத்தாக வேண்டும். ஐபோனில் அப்படி மிதக்க விடமாட்டார்கள், படத்துக்குள் படம் என்ற வழியாகச் சில செயலிகள் சமாளிக்கின்றன.

தமிழுக்கே உரிய சிக்கல்கள்தான் பெரும்பாலோரைக் கவிழ்ப்பவை. செய்திக் குறிப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்திருந்தால் செயலியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். செயலியைத் திட்டிப் பயனில்லை. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றிய பின்தான் ஒட்ட வேண்டும். அடுத்து வரி இடைவெளி. இயல்பான அளவில் விட்டால் மேல் வரியின் 'பு', 'மு' கால்களும் கீழ் வரியின் 'கீ', 'தி' கொக்கிகளும் மோதும். எழுத்தளவைப் போல் 1.4 அல்லது 1.5 மடங்கு வைக்க முடியாத செயலி தமிழுக்கு உதவாது. தடித்த எழுத்தும் வேண்டாம். கறுப்பில் வெள்ளையாக ஒளிரும்போது மெய்யெழுத்தின் புள்ளி உருகி 'க்'கும் 'க'வும் ஒன்றாகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவில் நடுத்தரத் தடிமன் ஒரு மீட்டரில் தெளிவாக நிற்கும்.

பிறகு சொல் நீளம். 'திருத்துறைப்பூண்டியிலிருந்து' 14 எழுத்து. குறுகிய பெட்டியில் செயலி இதைக் கண்ட இடத்தில் உடைக்கும். 'திருத்துறைப்பூண்டியில் இருந்து' என்று நீங்களே பிரித்துவிடுங்கள். இலக்கணம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. எண்ணை வாயில் வரும்படி எழுத வேண்டும்: 93.47 டிஎம்சி என்பதைத் 'தொண்ணூற்று மூன்று புள்ளி நான்கு ஏழு டிஎம்சி' என்று. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான இந்த எண்ணை ஓடும் வரியில் இலக்கமாகப் பார்த்துத் தடுமாறுவது எளிது. ஆற்றின் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். வெண்ணாறும் வெட்டாறும் ஓட்டத்தில் ஒன்று போலவே தெரியும், டெல்டாவில் யாரும் அதை மன்னிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட பெயரைத் தனி வரியில் வையுங்கள், வண்ணம் மாற்றும் வசதி இருந்தால் மஞ்சளாக்குங்கள்.

வேகத்தை 'நிமிடத்துக்கு இத்தனை சொல்' என்று கேட்கும் செயலிகள் ஆங்கிலச் சொல்லை நினைத்து அளவு வைத்திருக்கின்றன. நம் ஒரு சொல் அவர்களது இரண்டு மூன்று சொல்லுக்குச் சமம். ஆகவே அவர்கள் தரும் 150ஐ அப்படியே ஏற்றால் வரி உங்களை விட்டுவிட்டு ஓடும். உங்கள் குறிப்பிலிருந்து 100 சொல்லைச் செய்தி வாசிக்கும் நடையில் வாசித்து விநாடியைப் பாருங்கள்; 6000ஐ அந்த விநாடியால் வகுத்தால் உங்கள் வேகம். 75 விநாடி ஆனால் 80 என்று வையுங்கள்.

பிராம்ப்ட்ஸ்மார்ட் போல் குரலைக் கேட்டுத் தானே நகரும் செயலிகளும் உண்டு. கேட்க இனிப்பான வசதிதான். வாங்கும் முன் அது தமிழைக் கேட்குமா, இணையம் இல்லாமலும் கேட்குமா என்று பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தூற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் மூட்டை தேங்கியது பற்றி நீங்கள் பேசினால், செயலிக்குக் கேட்பது இயந்திரம்தான். இடையில் நீங்களாக ஒரு வாக்கியம் சேர்த்தாலும் அது நின்றுவிடும். களத்துக்கு நிலையான வேகமும், நிறுத்தித் தொடர ஒரு ப்ளூடூத் ரிமோட்டுமே நம்பகமானவை.

வடகிழக்குப் பருவமழையில் திரையில் விழும் துளியைக் கைபேசி விரல் என்று எண்ணி வரியை எங்கோ தள்ளிவிடும். ஓடும்போது தொடுதலைப் பூட்டும் வசதியைத் தேடுங்கள். வெயிலில் கைபேசி சூடேறினால் தானாகவே திரை மங்கும், ஒளிப்பதிவும் நின்றுபோகலாம். குடை உங்களுக்கு அல்ல, கைபேசிக்கு. பதிவாக எடுப்பதென்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள். அழைப்பு ஒன்று வந்தாலே ஒளிப்பதிவு அறுந்துவிடலாம். குறிப்பைக் கைபேசியிலேயே சேமிக்காமல் இணையத்தில் மட்டும் வைக்கும் செயலியை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகவேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின் அங்கே மின்சாரம் திரும்பவே பல நாள் ஆயிற்று.

காசு கொடுக்கும் முன் இலவசப் பதிப்பில் ஒரு சோதனை: 'கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்' என்று தொடங்கும் மூன்று நிமிடக் குறிப்பை வெயிலில் நின்று பேசிப் பதியுங்கள். முழு நீளமும் பதிவானதா, மூலையில் செயலியின் முத்திரை விழுந்ததா, 1080பி தெளிவில் வெளியே எடுக்க முடிகிறதா, கடைசி நிமிடத்தில் உதடும் ஒலியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்பி இடம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

என்ன எழுதுவது என்ற கேள்விக்கு லத்தீனும் சேக்கிழாரும் சொன்னதே விடை. அரங்கில் அமர்ந்து வாசிப்பவருக்கு முழு உரை வேண்டும். வயல்வரப்பில் நிற்பவருக்கு முதல் வாக்கியம், பெயர்கள், எண்கள், முடிக்கும் வாக்கியம் ஆகியவை போதும். நடுவில் இருப்பதைப் பார்த்ததிலிருந்து பேசலாம். அப்படி எழுதினால் ஒரு நிமிடச் செய்திக்கு 25 முதல் 30 சொல்லுக்கு மேல் திரையில் வராது, வேகச் சிக்கலும் பெரும்பாலும் போய்விடும். நேரலையில் செய்தி நடுவே மாறினாலும் திரையில் இருப்பது பழையதாகிவிடாது.

எழுதும்போது: உரைகாட்டிச் செயலி, உரைகாட்டிக் கண்ணாடி என்று வல்லினம் மிகும். 'உரைகாட்டியைப் பார்த்து வாசித்தார்' என்பது சரி. 'உரைகாட்டி படித்தார்' என்றால் கருவியே செய்தி வாசித்ததாகிவிடும். நாடக மேடையில் வசனம் எடுத்துக் கொடுக்கும் மனிதரை உரைகாட்டி என்று எழுதக் கூடாது.