சிபியு எங்கே என்று தேடாதீர்கள்: பழைய மினிகணினியின் பாகங்களை அடையாளம் காண்பது

கோத்தகிரி பக்கம் ஒரு பழைய கட்டடத்தைக் காலி செய்தபோது ஸ்டோர் ரூமில் ஒரு பழைய மினிகணினி, அதாவது போர்டுகள் அடுக்கிய ஆள் உயர இரும்பு ரேக் ஒன்று கிடைத்ததாம். காயலான் கடைக்குப் போவதற்குள் நண்பர் ஒருவர் அதைப் படமெடுத்து அனுப்பி, “இதுல சிபியு எது, ராம் எது?” என்று கேட்டார். பெயர்ப்பலகை எப்போதோ கழன்று போயிருந்தது.

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு சிப்பைத் தொட்டுக் காட்டி இதற்குப் பதில் சொல்ல முடியாது. பிராசசர், அதாவது சிபியு, முழுவதையும் ஒரே சிப்பில் அடக்கிய இன்டெல் 4004 வந்ததே 1971இல். மினிகணினிகள் அதற்கு மூத்தவை: டெக் (DEC) என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிடிபி-8 வந்தது 1965இல், டேட்டா ஜெனரலின் நோவா 1969இல், பிடிபி-11 1970இல். நம் நாட்டிலும் டிடிசி-12 என்ற 12-பிட் இயந்திரம் (பிட் என்பது ஒன்று அல்லது பூஜ்யம்; ஒரே வீச்சில் 12 பிட்டைக் கையாளும்) 1969லேயே வந்துவிட்டது. இவற்றில் பிராசசர் என்பது ஒன்றிரண்டு பெரிய போர்டுகளில், சில மாடல்களில் பத்துப் பன்னிரண்டு அல்லது அதற்கும் மேற்பட்ட போர்டுகளில் பரவிக் கிடக்கும். அதனால் பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்ய வேண்டியிருந்தது, அந்த வேலைக்கு எந்த மாதிரி வயரும் சிப்பும் தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

பவர் சப்ளையைக் கண்டுபிடிப்பது சுலபம். எதைத் தூக்க முடியவில்லையோ அதுதான். டிரான்ஸ்ஃபார்மர், தடித்த வயர்கள், உயரமான உருளை கெப்பாசிட்டர்கள். ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், மல்டிமீட்டரில் அளக்காமல் கை வைக்காதீர்கள்.

அடுத்து முன்பலகை. ஸ்விட்சுகளை எண்ணுங்கள், அதிலேயே பாதி ஜாதகம் தெரிந்துவிடும். அந்தக் காலத்து மினிகணினிகளில் எண்களைப் பெரும்பாலும் எட்டடிமானத்தில் (0 முதல் 7 வரை எட்டே இலக்கங்கள்) படித்தார்கள். ஓர் இலக்கத்துக்கு மூன்று பிட் என்பதால் ஸ்விட்சுகளையும் மூன்று மூன்றாக நிறம் மாற்றிப் பிரித்து வைத்தார்கள். மும்மூன்றாக நான்கு தொகுதி என்றால் 12-பிட். ஓரத்தில் ஒன்று தனியாக நிற்க, பக்கத்தில் ஐந்து தொகுதி என்றால் 16-பிட். பதினெட்டு இருந்தால் குழம்ப வேண்டாம், சில 16-பிட் இயந்திரங்களில் நினைவக முகவரி 18 பிட் நீளம். நண்பரின் படத்தில் ஒன்று தனித்து நின்றது. போர்டுகளின் பிளாஸ்டிக் கைப்பிடிகளில் எம், ஜி, எச் என்ற எழுத்துகளோடு எண்கள் அச்சாகியிருந்தன. அது டெக் நிறுவனத்தின் வழக்கம். ஆக, இது பிடிபி-11 குடும்பம்.

இப்போது போர்டுகளைப் பார்க்கலாம். எழுபதுகளின் தொடக்கத்துப் போர்டில் எங்கு பார்த்தாலும் எளிய தர்க்கச் செயல்களைச் செய்யும் 7400 வரிசை சிப்புகள்தான், இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. ஒவ்வொரு சிப்பிலும் பாகத்தின் எண் ஒன்று, தயாரித்த தேதி ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும், தேதியை வருடம் வாரம் என்று நான்கு இலக்கத்தில் போடுவார்கள். 7404 என்றிருந்தால் அது ஆறு இன்வெர்ட்டர்கள் (ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் மாற்றும் சுற்றுகள்) கொண்ட சிப்பாகவும் இருக்கலாம், 1974ஆம் ஆண்டின் நான்காம் வாரத்தில் செய்த வேறேதோ சிப்பாகவும் இருக்கலாம். பக்கத்துச் சிப்புகளோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்: ஏறக்குறைய எல்லாவற்றிலும் 73, 74 என்று தொடங்கி ஒன்றுபோல வருவது தேதி. ஒரு போர்டிலேயே மிகப் பிந்தைய தேதி எதுவோ, அதற்கு அப்புறம்தான் அந்தப் போர்டு பிறந்திருக்கிறது.

சின்னச் சிப்புகளுக்கு நடுவே 24 கால் உள்ள அகலமான சிப்புகள் நான்கு இருந்து, அவற்றில் 74181 என்று எழுதியிருந்தால் பிராசசரின் மையத்தைப் பிடித்துவிட்டீர்கள். கூட்டல், கழித்தல், தர்க்கச் செயல்கள் எல்லாம் செய்யும் சிப் அது. ஒன்று நான்கு பிட்டைத்தான் கவனிக்கும், எனவே நான்கு சேர்ந்தால் 16 பிட். 1972இல் வந்த பிடிபி-11/05இல் எம்7260, எம்7261 என்ற இரண்டு போர்டுகளே முழுப் பிராசசர். முதலாவதில் எண்கள் ஓடும் பாதை, இரண்டாவதில் அதை ஓட்டும் கட்டுப்பாடு. நண்பரின் ரேக்கில் இந்த எண்கள் இருந்தால், அவர் கேட்ட சிபியு இந்த இரண்டும்தான். ஒரே ஒரு 40 கால் சிப், அருகில் உலோக உறைக்குள் ஒரு கிரிஸ்டல் என்றால் டெலிடைப் (தட்டச்சு இயந்திரம் போன்ற முனையம்) போன்றவற்றோடு பேசும் சீரியல் பகுதி என்று எடுத்துக்கொள்ளலாம். வரிசை வரிசையாக டையோடுகள் மட்டும் நட்டுவைத்த போர்டைப் பார்த்தால் அது ராம் அல்ல, இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் புரோகிராமை நிரந்தரமாக வைத்திருக்கும் பூட் ரோம்: டையோடு இருக்கிறதா வெட்டப்பட்டிருக்கிறதா என்பதே ஒரு பிட்.

அப்புறம், குப்பையில் போகக்கூடிய ஒரு பாகம். விரல் நீளத்தில் ஒரு குட்டிக் கார்டு, அதில் ஒரு சிப்கூட இருக்காது, சில செப்புக் கோடுகள் மட்டும். கைப்பிடியில் ஜி727 என்றிருக்கலாம். பிடிபி-11இல் பிராசசர், நினைவகம், டிஸ்க் எல்லாம் யூனிபஸ் என்ற ஒரே பொதுப் பாதையில் தொங்குகின்றன. ஒரு கருவி பிராசசரின் கவனத்தைக் கேட்டால், “சரி, பேசு” என்ற அனுமதி சிக்னல் கார்டு கார்டாகக் கைமாறி அந்தக் கருவியை அடைய வேண்டும். நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். காலி இடத்தில் பாலம் போடத்தான் இந்தக் குட்டிக் கார்டு. “இதுல ஒண்ணும் இல்லையே” என்று இதைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு இயந்திரம் ஏன் விழித்துக்கொண்டு நிற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. ரெசிஸ்டர்கள் மட்டும் உள்ள எம்930 கார்டும் அப்படித்தான்: பாதையின் இரு முனைகளிலும் சிக்னல் மோதித் திரும்பாமல் அதை அடக்கி வைப்பது அதன் வேலை.

நினைவகம்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஜி110, ஜி231, எச்214 என மூன்று போர்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது 8,192 சொற்கள் (இங்கே ஒரு சொல் என்பது 16 பிட்) கொள்ளும் கோர் மெமரி. எச்214இன் மூடிக்குள் கடுகைவிடச் சிறிய காந்த வளையங்கள் 1,31,072 இருக்கின்றன, பிட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் குறுக்கே ஒரு வயர், நெடுக்கே ஒரு வயர். வளையத்தின் காந்தத் திசையைத் திருப்பத் தேவையான மின்னோட்டத்தில் பாதியைக் குறுக்கு வயரிலும் மீதியை நெடுக்கு வயரிலும் அனுப்புவார்கள். இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டும் புரளும், மற்றவை அசையாது. புரளும்போது மூன்றாவது வயரில் ஒரு துடிப்பு வரும், அதுதான் ‘ஒன்று’. புரளவில்லையா, ஏற்கெனவே ‘பூஜ்யம்’. ஆனால் இப்படிப் படித்ததும் வளையம் எதுவானாலும் பூஜ்யமாகிவிடுகிறது, எனவே படித்ததை உடனே திரும்ப எழுதியாக வேண்டும். புரட்டத் தேவையான மின்னோட்டம் வெப்பநிலையைப் பொறுத்து மாறுவதால், அதை அளந்து சரிக்கட்ட வளையங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். மூடியைத் திறந்து பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். திறக்காதீர்கள், தலைமுடி போன்ற அந்த வயர் ஒன்று அறுந்தாலும் ஒட்டவைப்பது மகா கஷ்டம்.

டிஸ்க் டிரைவ் இருந்தால் நம் நீலகிரி மலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆர்கே05 டிரைவில் 14 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுகிறது, கொள்ளளவு சுமார் 2.5 மெகாபைட். தட்டின் மேல் படிக்கும், எழுதும் ஹெட் படுவதில்லை, சுழற்சியில் உண்டாகும் காற்றுப் படலத்தில் மிதக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் ஹெட் தாழ்ந்து மிதக்கும், தூசி இருந்தால் உரசிவிடும். இத்தகைய டிரைவ்களின் கையேட்டில் அதிகபட்ச உயரம் என்று ஒரு வரி இருப்பது இதனால்தான். மின்விசிறிகளும் அதே அளவு சுற்றினாலும் குறைவான வெப்பத்தையே அள்ளிச் செல்லும், ஆனால் குளிர் அதைக் கொஞ்சம் ஈடுகட்டிவிடுகிறது. ஈரத்தை எதுவும் ஈடுகட்டாது. வெள்ளி முலாம் பூசிய சிப் கால்கள் கறுத்திருந்தால் அசைத்துப் பார்க்காதீர்கள், முறிந்துவிடும்.

கோர் மெமரி மின்சாரம் இல்லாமலும் நினைவை வைத்திருக்கும் என்பதால், கடைசியாக ஓடிய புரோகிராம் இன்னும் உள்ளே இருக்கக்கூடும். தள்ளாடும் பவர் சப்ளையோடு ஓட்டினால் இயந்திரம் ஒரு சொல்லைப் படித்து அழிக்கும், திரும்ப எழுதுவதற்குள் வோல்டேஜ் விழுந்துவிடும், அந்தச் சொல் போனது போனதுதான். எனவே எந்த இடத்தில் எது இருந்தது என்று படமெடுத்துக்கொண்டு எல்லாப் போர்டுகளையும் உருவி வைத்துவிட்டு, போர்டுகளுக்குப் பதிலாகக் கார் பல்புகளைச் சுமையாக மாட்டி, 5 வோல்ட் என்பது 5 வோல்ட்டாகவே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.