பிரெஞ்சுத் தீவு ரீயூனியன்ல செப்டிக் டேங்க் செக்கிங்: ரிப்போர்ட்ட முழுசா படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க

சலாஸி, சேந்த் ஆந்த்ரே மேட்டுப்பக்கம்னு பாதாள சாக்கடை வராத இடத்துல இருக்கறவங்க வீட்டுக் கழிவுத்தண்ணிய அவங்கவங்கதான் சுத்தம் பண்ணி மண்ணுக்குள்ள விடணும், அது ஒழுங்கா நடக்குதான்னு பாக்கற சர்வீஸ்தான் ஸ்பாங்க். பின்னணி இவ்ளோ போதும்.

பிரச்சனையே செக்கிங் முடிஞ்சு வர்ற ரிப்போர்ட்லதான். அதுல "நோன் கோன்ஃபோர்ம்"னு (விதிப்படி இல்லன்னு அர்த்தம்) பாத்ததும் பெரியவங்க பதறிப்போயிடறாங்க, அந்த நேரம் பாத்து கதவத் தட்டறதுக்குன்னே சில வியாபாரிங்க இருக்காங்க. எங்க தெருவுல ஒரு அக்கா, பென்ஷன்ல குடும்பத்த ஓட்டறவங்க, புது டேங்குக்கு கையெழுத்துப் போட்டுட்டு அப்புறமா பேப்பர எங்கிட்ட காட்டினாங்க. "தம்பி, மாத்தலன்னா ஃபைன் போடுவாங்களாமே?"ன்னு கேட்டாங்க. ரிப்போர்ட்ட பாத்தா டேங்க் சின்னது, அவ்ளோதான், யாருக்கும் ஆபத்துன்னு ஒரு வரி கூட இல்ல.

"நோன் கோன்ஃபோர்ம்"ல மூணு விதம் இருக்கு. டேங்கே இல்லன்னா உடனே போடணும். கழிவு வெளிய வழியுது, உடம்புக்கு ஆபத்துன்னு எழுதியிருந்தா 4 வருஷம் டைம், மேயர் அத கொறைக்கலாம். ஆபத்து இல்ல, சின்னதா இருக்கு இல்ல ஏதோ பாதி கொறையுதுன்னு மட்டும் இருந்தா, வீட்ட வித்தாத்தான் மாத்தணும், அதுவும் வாங்கினவர் 1 வருஷத்துக்குள்ள. (குடிதண்ணி எடுக்கற இடத்துக்குப் பக்கம்னா கணக்கு வேற, தனியா கேளுங்க.) இந்த வித்தியாசத்த கவுன்ட்டர்ல யாரும் எடுத்துச் சொல்றதில்ல, சனம்தான் பிரெஞ்சுல பக்கம் பக்கமா படிச்சு கண்டுபிடிக்கணுமாம்.

செக் பண்ண வர்றவர் 7 வேலை நாளுக்கு முன்னாடியாவது லெட்டர் போட்டுட்டுத்தான் வரணும், வந்து டேங்க் விக்க மாட்டார். சொல்லாம கொள்ளாம வந்து "நாங்க மேரியிலேர்ந்து (ஊர் நகராட்சி ஆபீஸ்) வர்றோம்"னு கொட்டேஷன் நீட்டினா வாசலோட அனுப்பிடுங்க. வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிட்டாங்களா, 14 நாளுக்குள்ள வேணாம்னு பதிவுத் தபால்ல எழுதிடுங்க.

நெஜமாவே மாத்தணும்னா, தோண்டறதுக்கு முன்னாடி பிளான ஸ்பாங்க்ல காட்டி எழுத்துல ஓகே வாங்குங்க. வேலை முடிஞ்சதும் அவங்க வந்து பாக்கறவரைக்கும் மண்ணு மூடவே கூடாது. மழை வருது, மெஷின் வாடகை ஏறுதுன்னு மேஸ்திரி அவசரப்படுத்துவார். அவர் பேச்ச கேட்டீங்கன்னா திரும்பத் தோண்டற செலவு உங்க தலையில, பைப்பு கண்ணுக்குத் தெரியாம ஸ்பாங்க்காரங்க சரின்னு எழுத மாட்டாங்க.

வட்டியில்லாக் கடன் 10,000 யூரோ வரைக்கும் இருக்கு, ஆனா கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ண கரன்ட்ல ஓடற மினி ஸ்டேஷனுக்குக் கெடையாது. வியாபாரிங்க அதத்தான் முதல்ல விப்பாங்க, பேங்க் கைய விரிச்சப்புறம்தான் நமக்கே தெரியவரும். நிலம் இன்னும் தாத்தா பேர்லயே, பங்கு பிரிக்காம கெடக்குன்னா மொதல்ல நொத்தேர்கிட்ட (சொத்துப் பத்திரம் எழுதற அதிகாரி) போங்க, இல்லன்னா கடன் ஃபைல் அங்கயே நின்னுடும்.

வாடகைக்கு இருந்தா டேங்க் காலி பண்ற செலவு உங்களோடது, புதுசா கட்டறது ஓனர் பொறுப்பு. காலி பண்ண பிரிஃபெக்சர் (தீவுல இருக்கற அரசாங்கத் தலைமை ஆபீஸ்) அனுமதி இருக்கற வண்டியத்தான் கூப்பிடணும், அவங்க தர்ற ரசீத பத்திரமா வைங்க, அடுத்த செக்கிங்ல மொதல்ல அதத்தான் கேப்பாங்க.