பெட் பாட்டிலில் பென்சீனைத் தேட முடியாது

போன வாரம் எங்கள் ஆய்வகத்துக்கு மறுபடியும் ஒரு பெட் பாட்டில் வந்தது. பழைய குளிர்பான பாட்டில், முக்கால்வாசி தண்ணீர், மேலே காற்று. முந்தின நாள் மதியம் பிடித்தது, ராத்திரி முழுக்கக் காரிலேயே கிடந்திருக்கிறது. கொண்டுவந்தவர் ஒரு எண்ணெய்க் கிடங்கின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர். "சார், பென்சீன் இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க, ஆடிட்டுக்கு வேணும்" என்றார். பெட்ரோலிலுள்ள பென்சீன் எளிதில் ஆவியாகும் நச்சு. அந்த பாட்டிலைச் சோதித்து நான் என்ன எண் கொடுத்தாலும் அது பொய்யான எண். திருப்பி அனுப்பிவிட்டேன்.

பாட்டிலைக்கூட மன்னித்துவிடலாம். அவர் கையில் இருந்த பழைய ரிப்போர்ட்டைத்தான் மன்னிக்க முடியவில்லை. சி.ஓ.டி., அதாவது நீரிலுள்ள கழிவை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன், லிட்டருக்கு 96 மில்லிகிராம். எண்ணெய் மற்றும் கிரீஸ் என்ற வரியில் 'பி.டி.எல்.', அதாவது கண்டறியும் எல்லைக்குக் கீழே. "எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, நச்சு எங்கிருந்து வரும்?" என்று உண்மையான குழப்பத்தோடு கேட்டார். இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதமே இல்லை. அதனால் பொறுமையாகவே எழுதுகிறேன்.

எண்ணெய்-கிரீஸ் சோதனை எப்படி நடக்கிறது? நீரை அமிலமாக்கி, ஹெக்சேன் என்ற கரைப்பானோடு குலுக்கி, பிரிந்த ஹெக்சேனை ஆவியாக்கிவிட்டு, மிச்சத்தை எடை போடுகிறோம். ஹெக்சேனின் கொதிநிலை 69 டிகிரி, பென்சீனுக்கு 80. ஹெக்சேனை விரட்டும்போது பென்சீனும் கூடவே போய்விடும், அதன் உறவான டொலுயீனும் பெரும்பாலும் தங்காது. மிஞ்சுவது கனமான எண்ணெயும் மெழுகும் கொழுப்பும்தான். ஓட்டல் சாக்கடையிலும் அந்த எண் வரும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகமே ஒத்துக்கொண்ட பென்சீனை, அதை ஆவியாக்கித் துரத்துகிற ஒரு சோதனையில் தேடிவிட்டு 'இல்லை' என்கிறோம்.

சரி, சி.ஓ.டி. காட்டிக்கொடுக்காதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கான 2008 விதிகளில் சி.ஓ.டி. லிட்டருக்கு 125 மில்லிகிராம், பென்சீன் 0.1. ஒரு மில்லிகிராம் பென்சீன் முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைய மூன்று மில்லிகிராம் ஆக்சிஜன் போதும். அப்படியானால் லிமிட்டைப் போலப் பத்து மடங்கு பென்சீன் இருந்தாலும் 96 என்பது 99 ஆகும், அவ்வளவுதான். ஒரே மாதிரியை இரண்டு முறை சோதித்தாலே அந்த அளவு வித்தியாசம் வரும். போதாததற்கு, பென்சீன் போன்ற ஆவியாகும் வளையச் சேர்மங்கள் சி.ஓ.டி. சோதனையின் டைகுரோமேட் கொதிப்பில் முழுதாக வினைபுரிவதும் இல்லை. விதியே பென்சீனுக்கும், பென்சோ(ஏ)பைரீனுக்கும், ஃபீனாலுக்கும் தனித்தனி எல்லை வைத்திருப்பது இதனால்தான். அந்த மூன்று வரிகளும் இல்லாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நச்சு இல்லை என்று பேசாதீர்கள்.

ஃபீனால் பற்றி சக வேதியியலாளர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் வழக்கமாகச் செய்யும் 4-அமினோஆன்டிபைரீன் நிறச்சோதனை ஃபீனால் குடும்பத்தைச் சேர்ந்த பாரா-கிரெசாலைப் பார்க்காது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கழிவு காஸ்டிக் காரக் கரைசலில் கிரெசால்கள் தாராளமாக இருக்கும். நிறம் வரவில்லை என்பதோடு நிறுத்தாமல் சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது, கண்ணை நம்புவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் படகில் போய்க் கையால் அள்ளி டிரம்களில் நிரப்பினார்கள். மேலே மிதந்தது போனதும் 'க்ளீன் ஆயிடுச்சே' என்றார்கள் பலர். லேசான பொருட்கள் சில நாளில் காற்றில் போய்விடும் என்பது உண்மை. ஆனால் எண்ணெயிலுள்ள, பல பென்சீன் வளையங்கள் ஒட்டிய பி.ஏ.எச். சேர்மங்கள் நீரில் கரைய விரும்பாதவை. சேற்றில் ஒட்டிக்கொள்ளும், அலையாத்தி வேர்களுக்கடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மீனின் ஈரல் அவற்றை ஓரளவு உடைத்து வெளியேற்றிவிடும். மட்டிக்கு அந்தத் திறன் குறைவு, உடம்பிலேயே சேர்த்துக்கொள்ளும். ஆகவே கழிமுகத்தில் தண்ணீரை மட்டும் மொண்டுவந்து கொடுத்தால் பாதிக் கதைகூடத் தெரியாது. சேறும் வேண்டும், மட்டியும் வேண்டும்.

இனி மாதிரி எடுப்பது. பென்சீன் வகைக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் பதித்த மூடி. விளிம்பு ததும்ப மெதுவாக நிரப்பி மூடுங்கள், தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு குமிழிகூட மேலே வரக்கூடாது. வந்தால் அதைக் கொட்டிவிட்டு வேறு குப்பி. அமிலம் சேர்த்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள். பி.ஏ.எச்.சுக்கு ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடி. பிளாஸ்டிக் அதை உறிஞ்சிக்கொள்ளும், வெயில் சிதைத்துவிடும். பாட்டில் சுவரில் ஒட்டியதையும் கரைப்பானால் அலசிச் சேர்க்கவேண்டும் என்பதால், பாதியை வேறு லேபுக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள். ஏரேஷன் தொட்டிக்குப் பிறகு மட்டும் எடுத்துவிட்டு 'குறைந்துவிட்டது' என்றும் சொல்லாதீர்கள். காற்றடித்ததில் ஒரு பகுதி ஆவியாகி, பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டரின் மூச்சுக்குள்தான் போயிருக்கும். முன்னாலும் எடுங்கள்.

இதெல்லாம் ஆலைக்காரர்களுக்கு. எண்ணெய்க் குழாய்க்கோ கிடங்குக்கோ பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். 2013-ல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய் கசிந்து போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது பலருக்கு நினைவிருக்கும். உங்கள் வீட்டு போரில் பெட்ரோல் வாடை அடித்தால் தீக்குச்சி கிழித்துச் சோதிக்காதீர்கள். மோட்டார் அறை மூடிக் கிடந்தால் ஸ்விட்சில் கைவைக்காதீர்கள், கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தள்ளிப்போங்கள். கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொதிக்கும்போது பென்சீன் சமையலறைக் காற்றில் கலக்கும். ஆர்.ஓ. மெஷின் உப்பைப் பிடிக்கும் அளவுக்கு பென்சீனைப் பிடிக்காது. அதிலுள்ள கார்பன் கொஞ்ச நாள் பிடிக்கும், எப்போது கைவிடும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வாடை நின்றுவிட்டாலும், சரியாக எடுத்த மாதிரியின் ரிப்போர்ட்டில் பென்சீன் என்ற வரியைக் கண்ணால் பார்க்கும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். குழந்தைகளை அதில் குளிப்பாட்டவும் வேண்டாம்.