கண்ணெதிரே இருக்கும் பக்கி

திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்கு வருகிறவர்கள் பறவையைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டு வாசல் மரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். குளத்தில் கூழைக்கடா கூட்டமாக மிதக்கும். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் இரண்டு பருவத்தில் அதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டாள். போன தை மாதம், "சித்தி, இனி ஒளிஞ்சிருக்கதப் பாக்கணும். பக்கி பாக்கணும்" என்று ஆரம்பித்தாள்.

பக்கி ராத்திரிப் பறவை. மைனா அளவு இருக்கும். அந்தி சாய்ந்ததும் எழுந்து பறக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். பகல் முழுக்கத் தரையில் அசையாமல் கிடக்கும். நாங்குநேரியிலிருந்து விஜயநாராயணம் போகும் வழியில், செவல் மண்ணும் உடைமரமுமாக இருக்கும் தரிசில் அதன் குரலைக் கேட்டிருக்கிறேன். சிமெண்டுத் தரையில் கோலிக்குண்டைப் போட்டால் துள்ளித் துள்ளி அடங்குமே, அந்தச் சத்தம். அங்கேதான் போனோம். முதல் நான்கு தடவையும் அவள் நோட்டில் தேதி, நேரம், அதற்கு எதிரே ஒரே சொல்: "காங்கல."

ஐந்தாவது தடவை சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். நான் எடுத்து வைத்த காலுக்கு ஒரு முழம் முன்னால் மண்ணே எழுந்து பறந்ததுபோல ஒன்று சத்தமில்லாமல் கிளம்பி உடைமரத்துக்குப் பின்னால் மறைந்தது. அவ்வளவு நேரமும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடம் அது.

இது எப்படி நடக்கிறது? நம் கண் ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அதன் ஓரத்தை வைத்து. எங்கே ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறதோ, அந்தக் கோட்டைத் தொடர்ந்துபோய் 'இது ஒரு பறவை' என்று மூளை முடிவு கட்டுகிறது. பக்கியின் உடம்பில் சாம்பல், பழுப்பு, கறுப்புக் கீற்றுகள் எல்லாம் அந்த ஓரத்தை வெட்டிக்கொண்டு போகின்றன. ஒரு கீற்று சருகோடு சேர்ந்துவிடும், இன்னொன்று மண்ணோடு சேர்ந்துவிடும். நடுவில் பறவையின் உருவம் தொலைந்துபோகும். நிழலும் காட்டிக்கொடுக்காது. தரையோடு தரையாக அமுங்கி உட்கார்ந்தால் நிழல் விழ இடம் ஏது? மிச்சம் இருப்பது கண். வட்டமான கரிய கண்ணைப்போல ஆளைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. அதையும் பக்கி கீற்றாகச் சுருக்கிக்கொள்கிறது.

இறகு மட்டும் போதாது, உட்காரும் இடமும் பொருந்த வேண்டும். ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் ஆய்வாளர்கள் பக்கிகள் கிடந்த இடத்தைப் படமெடுத்து, பக்கத்தில் இருக்கும் மற்ற இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இனத்துக்குப் பொதுவான நிறத்துக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு பறவையும் தன் சொந்த இறகுக்குக் கூடுதலாகப் பொருந்தும் இடத்தில் உட்கார்ந்திருந்ததை 2017-ல் வெளியிட்டார்கள். நான் படித்த பறவைச் செய்திகளில் இதைப்போல என்னை அசரவைத்தது குறைவு.

எழும்பாமல் கிடப்பதும் இதே கணக்கில் சேர்ந்தது. குளத்தங்கரையில் ஆள்காட்டிக் குருவி என்ன செய்யும்? நூறடி தூரத்தில் ஆளைப் பார்த்ததுமே எழுந்து ஊரைக் கூட்டும். அதன் முட்டை மண் நிறத்தில் புள்ளி போட்டிருக்கும். தாய் விலகிவிட்டால் முட்டை தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும். பக்கி கூடு கட்டுவதில்லை, வெறுந்தரையில் பெரும்பாலும் இரண்டு முட்டை இட்டு அதன்மேல் கிடக்கும். முட்டைக்குப் போர்வையே தாயின் இறகுதான். எழுந்தால் எல்லாம் வெளியே தெரிந்துபோகும். அதனால்தான் மிதிபடும் தூரம் வரை பொறுத்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, பங்குனி சித்திரையில் அந்தத் தரிசுக்குள் கால் வைக்கக் கூடாது, வண்டித்தடத்தில் மட்டும் நிற்க வேண்டும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அவள் நோட்டுக்கு வருகிறேன். நாலு 'காங்கல'வைப் பார்த்த அக்கா, "அங்க இல்லாததத் தேடி எதுக்குப் பெட்ரோலக் கரைக்கிய?" என்றாள். நியாயமான கேள்விதான். ஒரு இடத்தில் பக்கி நிச்சயம் இருக்கிறது, ஆனால் பத்து தடவை போனால் மூன்று தடவைதான் கண்ணில் படும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை போய் ஏமாற நூற்றுக்கு 70 வாய்ப்பு. இரண்டு தடவையும் ஏமாற 49. மூன்று தடவையும் என்றால் 34. பக்கி இருக்கும் இடத்துக்கே மூன்று தடவை போய்விட்டு, 'இங்கே இல்லை' என்று தப்பாக எழுத மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. எட்டு தடவை போன பிறகுதான் அது 6-க்குக் கீழே இறங்கும். காட்டுயிர் ஆய்வில் இதற்கென்றே கணக்கு முறை உண்டு. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், கண்டது காணாதது இரண்டையும் எழுதினால்தான் அந்தக் கணக்கே ஓடும். காணாத நாளை எழுதாமல் விட்டவரின் நோட்டு அதற்கு உதவாது.

ஆந்திராவில் கலிவிக்கோடி என்று ஒரு பறவை. 1900-க்குப் பிறகு யாரும் பார்க்காததால் அழிந்தே போய்விட்டது என்று நம்பியிருந்தார்கள். 1986-ல் கடப்பைப் பக்கத்து முட்புதர்க் காட்டில், உள்ளூர்க்காரர் துணையோடு திரும்பக் கண்டுபிடித்தார்கள். அதுவும் ராத்திரிப் பறவை. பிற்பாடு அதைத் தேடியவர்கள் கண்ணை நம்பவில்லை. புதர்களுக்கு நடுவே நைசான மண்ணைப் பாத்திபோலப் பரப்பி வைத்துவிட்டு, காலையில் போய்க் கால்தடம் பார்த்தார்கள்.

நாங்களும் வழியை மாற்றினோம். இருட்டிய பிறகு போய், வண்டித்தடத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்ப்பது. பக்கியின் விழித்திரையின் பின்பகுதியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு அடுக்கு இருக்கிறது. முதல் தடவை ஒளியை உணரும் செல்லில் படாமல் தப்பிய ஒளி, திரும்பும்போது இன்னொரு தடவை படும். மங்கல் வெளிச்சத்தில் பூச்சியைக் காண அந்தப் பறவைக்கு இது பெரிய உதவி. மிச்ச ஒளி வந்த வழியே வெளியேறும். வந்த வழியே என்பதுதான் முக்கியம். டார்ச்சை இடுப்பில் பிடித்தால் ஒளி இடுப்புக்குத்தான் திரும்பும், நம் கண்ணுக்கு வராது. காதோரம், கண் மட்டத்தில் பிடிக்க வேண்டும். தரையில் பொடிப்பொடியாகப் பச்சை வெள்ளையாய் மின்னுவது சிலந்தி. கங்குபோலச் சிவந்து நிலைத்து நின்றால் பக்கி.

ஆறாவது தடவை, வளர்பிறை. தடத்தில் நாற்பதடி தூரத்தில் கங்கு தெரிந்தது. "ஏட்டி, அசையாத" என்றேன். அவள் அசையவில்லை, இரண்டு நொடி பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்துவிட்டாள். ராத்திரிக் கண்ணில் ஒளியைப் பாய்ச்சிக்கொண்டே நிற்கக் கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். நிலா வெளிச்சத்தில் அது தரையிலிருந்து எம்பி, எதையோ பிடித்துவிட்டு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. மறுபடி எம்பியது. கொஞ்ச நேரத்தில் கோலிக்குண்டுச் சத்தம்.

வானத்துப் பின்னணியில் பூச்சியின் உருவைப் பார்த்துத்தான் பக்கி வேட்டையாடுகிறது. நிலவொளி இருந்தால் இரவில் வெகுநேரம் இரை தேடலாம். நிலா இல்லாத ராத்திரியில் அந்தியிலும் விடியலுக்கு முன்னாலும் மட்டும்தான் தோதுப்படும். பைக்கில் திரும்பும்போது இதைச் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து "பக்கி 1, இரவு 7.40" என்று எழுதினாள். பிறகு சுவரிலிருந்து நாள்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பழைய நான்கு 'காங்கல'வுக்கும் பக்கத்தில் அன்றைக்கு என்ன திதி என்று ஒவ்வொன்றாகக் குறிக்க ஆரம்பித்தாள்.