ஏரியை விட்டு எழும்ப ஒரு படி

சொந்தமாக ஒரு விமானம் கட்டி அதை ஏரியில் இறக்கி ஏற்ற ஆசை என்று வையுங்கள். 600 கிலோ விமானம் மிதக்க 600 லிட்டர் நன்னீரை விலக்கினால் போதும். ஆனால் அதற்கு மாட்டும் இரண்டு மிதவைகளின் கொள்ளளவு சேர்ந்து 1,080 லிட்டராவது வரும். ஒவ்வொரு மிதவையும் தன் பங்குச் சுமைக்கு மேல் இன்னும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விமான விதிகள் வகுத்த அளவு. ஒவ்வொன்றின் உள்ளேயும் நீர் கசியாத நான்கு அறைகளாவது இருக்கும். இரண்டில் தண்ணீர் புகுந்தாலும் கவிழக் கூடாது.

சரி, மிதந்தாயிற்று. கிளம்புவதுதான் பாடு.

எஞ்சினை முழுதாக முடுக்கியதும் மூக்கு தூக்கும், மிதவைகள் தண்ணீரை உழுதுகொண்டு போகும். நீரின் தடை உச்சத்தில் இருப்பது இப்போதுதான். இதைத் தாண்டிவிட்டால், தட்டையாக வீசிய ஓட்டுச்சில்லு போல மிதவை நீரின் மேல் வழுக்கும். தாண்ட உதவுவது மிதவையின் அடியில், விமானத்தின் எடைமையத்துக்குச் சற்றுப் பின்னால், குறுக்கே வெட்டிய ஒரு சிறு படி. அந்த விளிம்பில் நீர் அடித்தகட்டை விட்டுப் பிரியும், காற்று புகும், பின்பாதி நனையாது. படி இல்லையென்றால் நீர் பின்பகுதியை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். எழும்பும் நேரத்தில் மூக்கைத் தூக்கவும் விடாது. அலையே இல்லாத ஏரி கிளம்புவதற்குக் கஷ்டமானது என்பதும் இதனால்தான். சிற்றலை இருந்தால் அடியில் கொஞ்சம் காற்று புகுந்துவிடும்.

ஆகவே சொந்தமாகக் கட்டுகிறவர் குறைந்த வேகத்திலேயே எழும்பும் விமானத்தைத் தேடுவார். கிட்ஃபாக்ஸ், ஜெனித் 701 போன்றவை அந்த ரகம். இறக்கை மேலே இருப்பதால் படகுத்துறையிலும் இடிக்காது.

அப்புறம் எடை. மொத்த எடையின் உச்சவரம்பு 600 கிலோ, வெறும் விமானம் 320 என்று வையுங்கள். பழைய சக்கரங்களைக் கழற்றிய பிறகும், ஓடுபாதையிலும் இறங்க உதவும், சக்கரம் மடங்கும் மிதவைகளால் 90 கிலோ கூடினால் மிஞ்சுவது 190. இரண்டு பேருக்கு 160 போனால், பாக்கி 30 கிலோ சுமார் 40 லிட்டர் பெட்ரோலுக்குத்தான் காணும். பெட்டி படுக்கையெல்லாம் கரையில்தான். என்னைக் கேட்டால், ஓடுபாதை தேவைப்படாதவர் சக்கரமில்லாத மிதவையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மிதவையைத் தாங்கும் கம்பிகள் வந்து சேரும் இடங்களை, உடற்கூடு திறந்திருக்கும்போதே வலுப்படுத்திவிட வேண்டும். அரிப்புத் தடுப்புப் பூச்சும் தகடுகளை ரிவெட் அடிப்பதற்கு முன்பே.

சக்கரம் வைத்தவருக்கு ஒரு தொல்லை கூடவே வரும். ஓடுபாதையில் அதை இறக்க மறந்தால் பெரும்பாலும் மிதவையின் அடி உராய்வதோடு போகும். தண்ணீரில் மடக்க மறந்தால் விமானம் குப்புறக் கவிழும். அதனால் பைலட் ஒவ்வொரு முறையும் இறங்குமுன் மிதவையை எட்டிப் பார்த்து வாய்விட்டே சொல்வார்: "இது தண்ணீர், சக்கரம் மேலே."